காசைக் கடித்த பிடி

காசில் பெயர் வெட்டுகிறவனுக்கு உளி இரண்டாவது. காசு அசையாமல் கிடப்பதுதான் முதலாவது. இது தெரியாதவர்கள்தான் "நல்ல கை" என்று புகழ்வார்கள். கை என்ன கை. குடத்தில் பெயர் வெட்டலாம், மடியில் வைத்து முழங்காலால் அமுக்கினால் போதும். செம்பில் வெட்டலாம். காசு அப்படியல்ல. உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினால் துள்ளும், சுற்றும், ஓடும். வைஸில் இறுக்கினால் நசுங்கும். நகையோ கடிகாரமோ, சின்னச் சாமான் எதையாவது பிடித்து வைத்து வேலை செய்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மற்றவர்கள் பொறுமையாக வாசிக்கலாம், அல்லது விடலாம்.

ஐம்பதுகளின் பின்பாதியில் நெல்லியடிச் சந்தைக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கடை எடுத்தேன். எண்பதுகள் தொடங்கியபோது பூட்டினேன். இடையில் காசைப் பிடிக்க நானே செய்த சாமான்கள் சில. எல்லாவற்றையும் "பிடி" என்றுதான் சொல்வேன். கடையில் போய் வாங்க அப்படி ஒன்றும் கிடையாது. எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான்: காசை இறுக்கிப் பிடிக்க வேண்டும், பிடித்த அடையாளம் காசில் இருக்கக்கூடாது. அந்த ஆசையால் பட்டதை எழுதுகிறேன். கடைசியில் ஒரு பெண் ஒரு ஐம்பது சதக் காசைக் கொண்டுவந்து, தன் புருஷன் இருக்கிறானா இல்லையா என்று என்னிடம் கேட்டாள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அரக்கு

முதல் பிடி அரக்கு. தட்டார் செய்வதுதான், நான் கண்டுபிடித்ததல்ல. மரக்கட்டையின் தலையில் அரக்கை உருக்கி ஊற்றி, சூட்டோடு காசை அமுக்கிவிட்டால், ஆறியதும் கல்லுப்போல் நிற்கும். வேலை முடிய மறுபடி சூடு காட்டினால் காசு கழன்றுவிடும். அடையாளம் விழாது. எல்லாம் சரி. ஆனால் தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் அரக்கு ஆறாது. ஆறினாலும் திரும்ப இளகும்.

அச்சுவேலியிலிருந்து ஒரு புகையிலைக் கமக்காரர் வந்தார். பேரன் பிறந்து முப்பத்தோராம் நாள், அரைஞாணில் கட்ட ஒரு வெள்ளி ரூபாயில் பெயர் வேண்டும். நேரம் மத்தியானம். வாங்குப் பலகையில் இருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு வேலை ஓடாது. நாலு எழுத்து வெட்டியிருப்பேன். ஐந்தாவதுக்குத் தட்ட, காசு ஒரு பக்கம் சரிந்தது. இன்னொரு தட்டு. பாதிக் காசு அரக்குக்குள் இறங்கிவிட்டது. நான் உளியைக் கீழே வைத்தேன். அவர் எழும்பி வந்து குனிந்து பார்த்தார். வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, மறுபடி குனிந்து பார்த்தார்.

"தம்பி, நான் முப்பது வருஷமாப் புகையிலை நடுறவன். காசு நடுறதை இண்டைக்குத்தான் காணுறன். தண்ணி எப்ப இறைக்கவேணும்?"

பூவரசங்கட்டை

அரக்கைத் தள்ளி வைத்துவிட்டு மரத்துக்குப் போனேன். பூவரசங்கட்டையில் காசின் அளவுக்குக் குழி தோண்டி, குழிக்குக் குறுக்கே ஒரு வெட்டு விட்டு, வெட்டுக்குள் ஆப்பு இறுக்கினால் குழி காசை நெருக்கிப் பிடிக்கும். ஒவ்வொரு காசுக்கும் ஒவ்வொரு கட்டை. ரூபாய்க்கு ஒன்று, ஐம்பது சதத்துக்கு ஒன்று. சதுரமான ஐந்து சதத்துக்குச் சதுரக் குழி. விளிம்பு நெளிந்த பத்துச் சதத்துக்கு நெளிந்த குழி. அதைத் தோண்ட எனக்கு நாலு நாள் பிடித்தது. அதில் பெயர் வெட்ட ஒருத்தரும் வரவில்லை.

கார்த்திகை மழையில் மரம் ஊதிப் பருத்தது. கரவெட்டிப் பக்கத்து மனிசி ஒருத்தி, புருஷனுக்குக் கண் சுகமானதற்குச் தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனுக்கு நேர்த்திக்காசு போட, பெயர் வெட்டுவிக்க வந்தாள். அவர் பெயரும் நட்சத்திரமும் வெட்டினேன். ஆப்பைத் தட்டி எடுத்தேன். காசு வரவில்லை. நெம்பினேன், குப்புறப் பிடித்துத் தட்டினேன். வரவில்லை. கட்டையைப் பிளக்கப் போனேன். காசில் உளி படும் என்று அவள் விடவில்லை. மத்தியானப் பூசைக்கு நேரமாகிறது என்றாள். பிறகு கட்டையோடு தூக்கிக்கொண்டு தொண்டைமானாற்று பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். பின்னேரம் கட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். குழி வெறுமையாக இருந்தது. கோயில் வீதியில் பொங்கும்போது அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாளாம். சூட்டில் மரம் காய, காசு தானே விழுந்ததாம்.

"சந்நிதியான் காசை மட்டும் எடுத்தவர், அண்ணை. கட்டை தனக்கு வேண்டாமாம்."

மூன்று பல்

அடுத்த கடை இராசையாவின் சைக்கிள் கடை. நான் படும் பாட்டையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த ஆள். ஒரு நாள் பழைய யந்திர வள்ளம் ஒன்றிலிருந்து கழற்றிய தடித்த பித்தளை வளையத்தைக் கொண்டுவந்து போட்டார். வளையத்தின் சுற்றில் மூன்று துளை போட்டு, மரை வெட்டி, மூன்று திருகாணி பூட்டினால், நடுவில் எந்தக் காசையும் வைத்து மூன்று பக்கத்தாலும் இறுக்கலாம். ரூபாயோ சதமோ, ஒரே பிடி. யோசனை என்னுடையது, துளை அவருடையது. அளந்து போடச் சொன்னேன். கண்ணளவு காணும் என்றார். போட்டு முடியப் பார்த்தால் இரண்டு துளை கிட்டக் கிட்ட, மூன்றாவது தூரத்தில்.

ஆனாலும் பிடித்தது. எப்படிப் பிடித்தது! உளி அடிக்க அடிக்கக் காசு அசையவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எழுத்து நேராக வந்தது. கழற்றிப் பார்த்தேன். காசின் விளிம்பில் மூன்று கடி. ஆணியின் நுனியைக் கூராக்கி, சூடு காட்டித் தண்ணீரில் தோய்த்திருந்தேன். அது வெள்ளியைக் கடிக்காமல் என்ன செய்யும். நுனியை மழுக்கினால் காசு சுற்றுகிறது. கூராக்கினால் கடிக்கிறது. இரண்டு நாள் மழுக்கியும் கூராக்கியும் களைத்துப் போய், கடிபட்ட காசை இராசையாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரு டியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஐசே, இறுக்கியும் பிடிக்கவேணும், பிடிச்சது தெரியவும் கூடாதெண்டால், அது பிடி இல்லை, களவு."

சிரட்டை

வளையத்தை மேசையில் பூட்டினால் எழுத்து வளையும் இடத்தில் நானல்லவா சுற்றிவர வேண்டியிருந்தது. அதனால் பெரிய தேங்காய்ச் சிரட்டை ஒன்றுக்குள் சீமெந்தைக் குழைத்து ஊற்றி, மேலே வளையத்தைப் பதித்தேன். சிரட்டையைப் பானைக்குக் கீழே வைக்கும் கயிற்று வளையத்தில் இருத்தினேன். இப்போது இடக்கையால் சிரட்டையைச் சுற்றலாம், சரிக்கலாம். உளி நின்ற இடத்தில் நிற்கும். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. சொல்லத்தானே வேண்டும்.

சந்தையில் மீன் விற்கும் ஒரு கிழவி ஓலைக் கடகத்தை வாசலில் இறக்கிவிட்டு, நான் சிரட்டையைச் சுற்றிச் சுற்றித் தட்டுவதைக் கனநேரம் பார்த்தாள். பெருமையோடு நானும் விட்டேன், பார்க்கட்டும் என்று.

"நானும் பேர் வெட்டுற கடையெண்டெல்லோ நினைச்சன். சிரட்டையிலை என்ன, தேங்காய் மிச்சம் கிடக்குதெண்டு சுரண்டுறியோ?"

ஊர்ப்பெயர்

தொண்டைமானாற்றுக் கடல்தொழில் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு வழக்கம் இருந்தது. கலியாணம் முடிந்து, மாப்பிள்ளை முதல் தரம் ஆழக்கடலுக்குப் போகுமுன், பெண் வீட்டார் ஒரு வெள்ளிக் காசில் அவன் பெயரை வெட்டுவித்து அரைஞாணில் கட்டிவிடுவார்கள். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கடல் மேற்சட்டையைக் கழற்றும், இடுப்புச் சாரத்தைக் கழற்றும், அரைஞாணைக் கழற்றாது. எனக்கு அது தெரியும். அவர்களுக்கும் தெரியும். பெயரை மட்டும் சொல்வார்கள். நான் வெட்டிக் கொடுப்பேன்.

கதிரவேலும் நாகம்மாவும் கலியாணம் முடிந்து இரண்டு கிழமையில் வந்தார்கள். அரசன் தலை போட்ட பழைய வெள்ளி ஐம்பது சதம். மறுபக்கத்தில் மரம் பொறித்திருக்கும். அதை அராவி மட்டமாக்கிப் பெயரை வெட்டினேன். கழற்றிக் கொடுத்தேன். அவன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஊர்ப்பேர் எங்கையண்ணை?" என்றான். சொன்னவன்தான், நான் மறந்துவிட்டேன். மறந்தேன் என்று சொல்லாமல் காசைப் பறித்துச் சிரட்டைப் பிடியில் மறுபடி பூட்டினேன். பழைய இடத்தில் இருக்கவில்லை, ஒரு நெல்லளவு விலகி இறுகிவிட்டது. இருக்கட்டும் என்று ஊரையும் வெட்டிக் கொடுத்தேன். இந்த முறை வாங்கியது நாகம்மா. விளிம்பை நகத்தால் தடவினாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள்.

"என்னண்ணை உது? பேர் வெட்டச் சொன்னால் ஆறு இடத்திலை கடிச்சு வைச்சிருக்கிறீங்கள்! எங்கடை அப்புவின்ரை காசு. எலி கடிச்ச தேங்காய் மாதிரிக் கிடக்கு!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வேறு காசு கொண்டுவா, வெட்டித் தாறன் என்றேன். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்கில்லை. கதிரவேல் காசை அவள் கையிலிருந்து எடுத்து, கடியைத் தானும் தடவிப் பார்த்துச் சிரித்தான்.

"கிடக்கட்டும் விடப்பா. சுறாவுக்கு முந்தி அண்ணை கடிச்சுப்போட்டார். இனி அதுக்கு என்ன வேலை?"

தோல்

அவன் சிரித்ததை மறந்துவிட்டேன். அவள் ஏசியது மறக்கவில்லை. ஆணிகளின் நுனிக்குப் பழைய செருப்புத் தோலை வட்டமாக வெட்டி ஒட்டினேன். கடி இல்லை. பெரிய வெற்றி என்று ஒரு கிழமை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வந்தார். ஓட்டத்தில் முதலாவது வந்த மாணவனுக்குப் பரிசு. பதக்கம் செய்விக்க வசதியில்லை, ஒரு ரூபாய்க் காசில் அவன் பெயர் போதும். வெட்டினேன். கடைசி எழுத்தின் கடைசிக் காலில், தோலுக்குள் காசு வழுக்கிச் சுற்றியது. உளி பெயருக்குக் குறுக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓடி, என் பெருவிரலில் நின்றது. அன்றைக்கே தோலைப் பிய்த்து எறிந்தேன். பெருவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. வாத்தியார் இரத்தத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காசைத்தான் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்தை விட்டுப்போன பெடியனுக்குத்தான் நான் வரவு இடாப்பிலை உப்பிடிக் கோடு கீறுறனான். உவன் பாவம், இப்பதான் ஓடி முடிச்சவன்."

நேர்த்திக்காசு

கதிரவேலின் கலியாணத்துக்கு எட்டு வருஷம் கழித்து, ஒரு மார்கழியில் காற்றடித்தது. அவனும் வேறு இரண்டு பேரும் போன வள்ளம் திரும்பவில்லை. பலகைகூட வரவில்லை. சந்தையில் இரண்டு விதமாகக் கதைத்தார்கள். முடிந்துவிட்டது என்றார்கள் சிலர். முன்னொருக்கால் இப்படிக் காற்றில் இழுபட்டுப் போன ஆட்கள் அக்கரையில் வேதாரணியத்தில் கரையேறி, மூன்று மாதம் கழித்துச் சிரித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள் என்றார்கள் சிலர். இரண்டும் உண்மைதான். கடலில் அப்படித்தான்.

தை பிறந்து நாகம்மா வந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. கையில் ஒரு வெள்ளி ரூபாய். சந்நிதிக்கு நேர்த்தி, கதிரவேலின் பெயரும் நட்சத்திரமும். நான் சிரட்டையை எடுக்கவில்லை. மூலையில் கிடந்த அரக்குக் கட்டையைத் தட்டி எடுத்து உருக்கினேன். தை மாதக் குளிரில் அரக்கு நன்றாக ஆறியது. மெதுவாக வெட்டினேன். எடுத்துத் துடைத்து, விளிம்பைச் சுற்றிவரக் காட்டினேன். ஒரு கீறல் இல்லை. அவள் சிரித்தாள். முகம் மட்டும் சிரித்தது.

"அவர் வந்தவுடனை கூட்டிக்கொண்டு வாறன், அண்ணை. இப்பவும் கடிக்கிறனீங்களோ எண்டு கட்டாயம் கேப்பார்."

ஐம்பது சதம்

ஆடி மாதம். காலமை. கடை திறந்து வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். நாகம்மா வந்தாள். பொட்டு இருந்தது. பின்னால் கதிரவேலின் தமையன். அவர் ஒரு துணி முடிச்சை அவிழ்த்து மேசையில் ஒரு காசை வைத்தார். கிழக்குக் கரையில் ஓலை வாடி போட்டு மீன் பிடிப்பவர்கள், காற்றுக்குப் பிறகு ஒதுங்கிய ஒரு உடலை அங்கேயே மணலில் தாட்டிருக்கிறார்கள். முகம் பார்க்கும் நிலையில் இல்லை. அரைஞாணில் இருந்த காசைக் கழற்றி வைத்து, அந்தப் பக்கம் வருகிற வள்ளங்களில் எல்லாம் விசாரித்திருக்கிறார்கள். கை மாறி மாறி வந்து சேர ஏழு மாதம்.

எடுத்துப் பார்த்தேன். ஐம்பது சதம். ஒரு பக்கம் தேய்ந்த அரசன். மறுபக்கம் மட்டம். எட்டு வருஷம் இடுப்பில் கிடந்து உரஞ்சி, பிறகு மணலில் உரஞ்சி, ஒரு எழுத்தும் இல்லை. நான் ஒருபோதும் ஆழமாக வெட்டியவன் அல்ல. அன்றைக்கு அது என்னைச் சுட்டது.

"தம்பியின்ரை எண்டு நான் சொல்லுறன். கீரிமலைக்குப் போய் அந்தியேட்டிக் கிரியை செய்யவேணும். அவன் அங்கை அந்தரிச்சுக்கொண்டு நிக்கிறான். இவள் இல்லையெண்டுறாள்" என்றார் தமையன்.

"வெள்ளிக் காசு கட்டாத ஆம்பிளை இந்தக் கரையிலை ஆர் இருக்கு?" என்றாள் நாகம்மா. அவரிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள். "கடி இருக்குத்தான். நான் எண்ணிப்போட்டன். உங்கடை பிடி எல்லாக் காசையும் கடிக்கிறதுதானே, அண்ணை. ஆறு கடி கடிச்சது வேறையும் இருக்கும். இருக்குந்தானே? ஓமெண்டு சொல்லுங்கோ."

ஓம். ஒரு சொல். சொல்லியிருக்கலாம். தமையன் ஏசிக்கொண்டு போயிருப்பார். அவள் இன்னும் கொஞ்சக் காலம் வேதாரணியத்தை நினைத்துக்கொண்டு கரையில் நின்றிருப்பாள். அதற்குள் அவளுக்குத் தானாகவே விளங்கியிருக்கும். இப்படியெல்லாம் யோசித்தேன். ஆனால் அந்த மனிதன் இன்னொருத்தருடைய கரையில், பெயரில்லாமல் கிடக்கிறான். பெயர் அழியக்கூடாது என்றுதானே என்னிடம் வந்தார்கள்.

சிரட்டையை இழுத்து முன்னால் வைத்தேன். தூசியை ஊதினேன். மூன்று ஆணியையும் பின்னுக்கு எடுத்து, காசை உள்ளே வைத்துத் திருப்பினேன். கிட்டக் கிட்ட இரண்டு கடி, தூரத்தில் ஒன்று. இராசையாவின் கண்ணளவு. உலகத்தில் வேறு எவனும் அப்படித் துளைத்திருக்க மாட்டான். ஆணிகள் போய்க் குழிக்குள் இருந்தன. நான் இறுக்கவில்லை, அவையாகவே இருந்தன. கழற்றினேன். ஒரு நெல்லளவு திருப்பினேன். மற்ற மூன்று கடியிலும் ஆணிகள் போய் இருந்தன. சிரட்டையை அவள் பக்கம் சுற்றிவிட்டேன்.

"பூட்டின காசைத் திரும்பப் பூட்டினது ஒரே ஒருக்கால்தான், பிள்ளை. ஊர்ப்பேர் மறந்தது உங்கடை காசிலை மட்டுந்தான்."

தமையன் தலையில் கைவைத்துக்கொண்டு வாசற்படியில் குந்திவிட்டார். அவள் அழவில்லை. குனிந்து, அந்த மூன்று ஆணியையும் ஒவ்வொன்றாகத் தன் விரலால் தொட்டாள். பிறகு தானே ஆணிகளைத் திருகிக் காசை எடுத்தாள். எனக்குத் திருகக் கொடுக்கவில்லை. சீலைத் தலைப்பில் முடிந்து, முடிச்சை இறுக்கி, இன்னொரு முடிச்சும் போட்டாள். வாசலில் ஒரு தரம் நின்றாள்.

"அண்டைக்கு நான் ஏசினதை மனசிலை வையாதேங்கோ, அண்ணை. நீங்கள் கடிச்சபடியால்தான் அவர் வீட்டை வந்திருக்கிறார்."

அதற்குப் பிறகும் பத்துப் பன்னிரண்டு வருஷம் கடை நடத்தினேன். பிடியைத் திருத்தக் கை வைக்கவில்லை. கடி பற்றி ஏசியவர்கள் ஏசினார்கள். எழுத்தை மட்டும் ஆழமாக வெட்டினேன்.

கடிக்காத பிடி ஒன்று செய்யவேண்டும் என்று இந்தத் தொழிலில் எத்தனையோ நாளைப் பாழாக்கினேன். அது எனக்குச் சரிவராமல் போனதுதான் நான் சரியாகச் செய்த ஒரே வேலை.